உள்ளானுக்கு எதற்கு ஆழம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் ஏரியை நண்பர்கள் சேர்ந்து நிதி திரட்டித் தூர்வாரினோம். எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பத்தடி. நடுவில் திட்டு அமைத்து மரக்கன்று நட்டோம். ஆனால் அதன்பிறகு உள்ளான் பறவைகள் வருவதில்லை. வயலில் அடிக்கும் மருந்து காரணமா? வேறு என்ன மரம் நடலாம்? நல்ல பைனாகுலர் எது?

ச.

அன்புள்ள ச.,

பைனாகுலரைக் கடைக்காரரிடம் கேளுங்கள். மருந்தும் கெடுதல்தான், புழு செத்தால் பறவை எதைத் தின்னும்? ஆனால் உங்கள் ஏரியில் உள்ளானுக்கு நிற்க இடமில்லாமல் செய்தது நீங்கள்தான்.

கோபப்படாதீர்கள். கைக்காசு போட்டு வெயிலில் நின்றிருக்கிறீர்கள், அது எல்லோருக்கும் வராது. ஆனால் எந்த ஊர்ப்பக்கம் போனாலும் பொக்லைன் விட்டு ஏரியைத் தொட்டியாக்கி வைத்திருப்பதைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம்.

உள்ளான் சேற்றில் நடந்து இரை தேடும் பறவை. சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வரும் கொசு உள்ளானின் எடை 20, 30 கிராம். கால் ஒரு விரல் நீளம்கூட இல்லை. நெடுங்கால் உள்ளானுக்கே ஒரு சாண்தான். பத்தடித் தண்ணீரில் அவை என்ன செய்யும்? பழைய ஏரியில் கரையை ஒட்டித்தான் ஆழம். எதிர்ப்பக்கம் சரிந்துகொண்டே போய் மேட்டில் முடியும். தண்ணீர் வற்ற வற்ற அங்கே தினமும் கொஞ்சம் புதுச் சேறு வெளிப்படும். புழு அதில்தான் இருக்கும். அந்தச் சரிவைத்தான் வெட்டி எடுத்திருக்கிறீர்கள், அதுவும் ‘ஒரே சீராக’!

வேடந்தாங்கலைப் பார்த்துவிட்டு எல்லா ஏரிக்கும் மரம் கேட்கிறோம். அங்கே மரத்தில் கூடு கட்டுவது நாரை, கொக்கு வகையறா. அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுதி வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மரம் தேடாத இன்னொரு பறவை ஆட்காட்டி. என் மாமா கோடை உழவில் அதன் முட்டையைக் கண்டால் நாலு மூலையிலும் குச்சி நட்டு, அந்த இடத்தை விட்டுவிட்டு உழுவார். வெறுந்தரையில் மண்கட்டி நிறத்தில் நாலு முட்டை, லேசில் கண்ணுக்குப் படாது. தாய்ப்பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றும், மாமாவும் பதிலுக்குத் திட்டுவார். “கத்தாதடி, உன் வீட்டை நான் தொடலை.” இன்று மணிக்கணக்கு வாடகைக்கு ஓடும் டிராக்டரை யார் நிறுத்துவது? நீங்கள் நிறுத்தலாம். பத்து நிமிட வாடகை போகும், அவ்வளவுதான்.

ஏரிக்கு வருவோம். கரையில் குவித்த மண் இன்னும் இருந்தால், மேட்டுப்பக்கம் கொட்டிச் சரிவாக இழுத்துவிடச் சொல்லுங்கள். பொக்லைன்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். மரமா? நட்டது போதும்.