டீக்கடையில் முடிவாகும் சம்பளம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது வருடமாக டெஸ்டிங்கில் இருக்கிறேன். போன வருடம் மேனேஜர், டீம் லீட் பதவிகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். இனி எல்லோரும் சமம், சிஇஓவையே பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்றார்கள். எனக்கு வாய் வரவில்லை. இந்த அப்ரைசலில் எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்கெல்லாம் நல்ல ஹைக், எனக்கு ஒன்றுமில்லை. யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. பழைய மாதிரியான கம்பெனிக்கு மாறிவிடலாமா?

ச.

(கடிதத்தை நிறையச் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள ச.,

பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விடுங்கள். வாய் நிறைய 'சார்' போட்டுக்கொண்டே காலை வாரியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. மாறுவதா வேண்டாமா என்பது அப்புறம் இருக்கட்டும். 'யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் நின்றுவிட்டேன்.

வால்வ் என்ற அமெரிக்க வீடியோ கேம் நிறுவனத்தின் ஊழியர் கையேடு 2012இல் வெளியே வந்தது. அங்கே மேசைகளுக்குச் சக்கரம் உண்டு. யாரும் யாருக்கும் மேலதிகாரி இல்லை, பிடித்த வேலை எங்கே நடக்கிறதோ அங்கே மேசையைத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். படிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த வருடமே, அங்கிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு பொறியாளர், கண்ணுக்குத் தெரியாத ஒரு நிர்வாக அடுக்கு உள்ளே இருந்தது, பள்ளிக்கூடத்தில் செல்வாக்கான பிள்ளைகளின் கூட்டம் போல என்றார். தலைவியே வேண்டாம் என்று கூடிய பெண்ணியக் குழுக்களைப் பற்றி அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் 1970களின் தொடக்கத்திலேயே எழுதியதும் இதுதான்: விதிகளை எழுதிவைக்காத இடத்தில் சிநேகிதிகளின் வட்டம் ஆளும்.

அதற்காக மேலதிகாரி இல்லாத தட்டையான அமைப்பே மோசடி என்று கிளம்பிவிடாதீர்கள். நெதர்லாந்தில் யோஸ் டெ ப்ளோக் 2006இல் தொடங்கிய பியூர்ட்சோர்க் என்ற நிறுவனத்தில் நர்சுகள் பன்னிரண்டு பேருக்கு மிகாத குழுக்களாக, மேனேஜர் இல்லாமல்தான், வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிறார்கள். ஆனால் குழுவுக்குள் கணக்கு யார் பொறுப்பு, ட்யூட்டி போடுவது யார் பொறுப்பு என்பது எல்லோருக்கும் தெரியும்.

உங்கள் மேல் கோபமும் வருகிறது. எனக்கு நாலு பக்கம் எழுதத் தெரிந்தவருக்கு, 'என் சம்பளத்தை முடிவு செய்வது யார்?' என்று ஆபீசில் ஒரே ஒரு வரி மெயில் போடத் தெரியாதா? அதிலும் 'நான் சாதாரண டெஸ்டர்தானே' என்று மூன்று இடத்தில்! ஒன்பது வருடம் அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே சோறு தின்றவர் நீங்கள். கேளுங்கள். பதில் வராவிட்டால் திரும்பக் கேளுங்கள்.

இப்படி அதட்ட எனக்கு யோக்கியதை கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வருடம் முன்பு ஒரு சின்ன அச்சகத்தில் இருந்தேன். 'இங்க முதலாளி தொழிலாளி கிடையாது, ஒரே குடும்பம்' என்பார் உரிமையாளர். எல்லோருக்கும் ஒரே நீள மேசைதான். பதினொரு மணிக்கு அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தால் நாங்கள் நாலு பேர் பின்னாலேயே டீக்கடைக்குப் போவோம். கிளாஸ் காலியாவதற்குள் எந்த வேலை யாருக்கு, யாருக்கு எவ்வளவு கூட்டுவது எல்லாம் முடிந்துவிடும். புரூஃப் பார்க்கிற அக்கா சிவப்புப் பேனாவோடு மேசையிலேயே இருப்பார். சம்பளம் கூட்டிக் கேட்டால், 'இங்க யாரும்மா பெரியவங்க, எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணுவோம்' என்ற பதிலே மூன்று வருடம் வந்தது.

ஒருநாள் அக்கா எங்கள் பின்னாலேயே டீக்கடைக்கு வந்துவிட்டார். 'ஒரு டீ, சர்க்கரை கம்மியா' என்று சொல்லிவிட்டு நின்றார். தீபாவளி போனஸ் பற்றிய பேச்சு சட்டென்று நின்றது. 'மழை வரும் போலிருக்கே' என்று நான்தான் ஆரம்பித்தேன். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. அக்கா மேலே அண்ணாந்து பார்த்தார், டீயை நிதானமாகக் குடித்து முடித்தார், தன் டீக்குத் தானே சில்லறையை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.