இரட்டை எஞ்சின் விமானத்தின் உடலில் புரொப்பல்லருக்கு நேரே ஒட்டியிருக்கும் பட்டை எதற்கு? பனிக்கட்டி பட்டு உடல் ஓட்டையாகாதா?

நான் விமானப் பராமரிப்பில் இருப்பவன். நீங்கள் கேட்கும் அந்தப் பட்டையைச் சுரண்டி எடுத்து, புதியதை ஒட்டி, பசை போகாத விரல்களோடு இரண்டு நாள் சாப்பிட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

அதன் பெயர் ஐஸ் ஷீல்டு. மேகத்துக்குள் சுழியத்துக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் நீராகவே மிதக்கும் துளிகள் உண்டு. எதன் மேலாவது பட்டால் அந்த இடத்திலேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும். இறக்கையின் முன் விளிம்பில் படிவது போலவே புரொப்பல்லர் பிளேடிலும் படியும். படிந்தது அப்படியே இருக்காது. ஒரு கட்டத்தில் பிடி விட்டு எகிறும்.

எவ்வளவு வேகத்தில் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். புரொப்பல்லர் நிமிடத்துக்கு 2400 சுற்று சுற்றுகிறது, மையத்திலிருந்து அரை மீட்டர் தூரத்தில் 50 கிராம் பனிக்கட்டி ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தின் வேகம் மணிக்குச் சுமார் 450 கிலோமீட்டர். சுழற்சி அந்தத் துண்டை வெளியே இழுக்கும் விசை கிட்டத்தட்ட 160 கிலோ எடைக்குச் சமம். ஒற்றை எஞ்சின் விமானத்தில் புரொப்பல்லர் மூக்கில் இருப்பதால் துண்டுகள் நாலாபுறமும் வெட்டவெளியில் போய்விடும். எஞ்சின் இறக்கையில் இருந்தால் பக்கத்திலேயே உடல் நிற்கிறது, அடி வாங்க வேண்டியதுதான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பெரும்பாலான விமானங்களில் பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு புரொப்பல்லரும் கடிகாரச் சுற்றில் ஓடும். அப்படியானால் இடது புரொப்பல்லரின் பிளேடு மேலே இருக்கும்போது உடலை நோக்கி நகர்கிறது. வலது புரொப்பல்லரிலோ கீழே இருக்கும்போதுதான் உடலை நோக்கி வரும். ஆக, இடப்பக்கம் மேல்பாதியிலும் வலப்பக்கம் கீழ்ப்பாதியிலும் அடி கூடுதலாக விழ வேண்டும். கூடவே, எகிறிய துண்டை எதிர்காற்று பின்னுக்குத் தள்ளுவதால், அடிபடும் இடம் புரொப்பல்லருக்கு நேரே முடிந்துவிடாது, சற்றுப் பின்னாலும் நீளும்.

இதையெல்லாம் வடிவமைப்பவர்கள் மறந்துவிட முடியாது. அமெரிக்காவின் பெரிய விமானங்களுக்கான விதி 25.875 இதற்கென்றே இருக்கிறது. புரொப்பல்லர் நுனிக்கு அருகிலுள்ள பாகங்கள் அது எறியும் பனிக்கட்டியைத் தாங்க வேண்டும். மிக மோசமான பனி அடியைத் தாங்காத ஜன்னல் அங்கே இருக்கக் கூடாது. சில விமானங்களில் உடலின் தகட்டையே அந்த இடத்தில் தடிப்பாக்குவார்கள். சிலவற்றில் மேலே இன்னொரு அலுமினியத் தகடோ, கண்ணாடி இழையோ, கெவ்லார் என்ற உறுதியான செயற்கை இழையோ, ரப்பர் மாதிரியான பாயோ வரும். பட்டை நசுங்குவது, கீறல் விழுவது பற்றிக் கவலையே இல்லை, அதற்காகத்தான் அது இருக்கிறது. ஓரம் தூக்கிக்கொண்டால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். உள்ளே தண்ணீர் இறங்கி, அடியிலுள்ள அலுமினியம் சத்தமில்லாமல் அரித்துக்கொண்டிருக்கும், வெளியே எதுவும் தெரியாது.

ஆனால் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் பட்டையில் இல்லை, பிளேடில் இருக்கிறது. பட்டை கடைசிக் காவல். முதல் காவல், பனி பெரிய கட்டியாக வளர விடாமல் சின்னச் சின்னத் துண்டாக, எல்லா பிளேடிலிருந்தும் ஒரே மாதிரி உதிர வைப்பது. பழைய முறையில் ஆல்கஹாலை மையத்தில் விட்டால், சுழற்சியே அதைப் பிளேடு நெடுகப் பரப்பிவிடும். இப்போது பரவலாக இருப்பது மின்சாரத்தில் சூடாகும் ரப்பர் உறை, நாங்கள் பூட் என்போம். பிளேடின் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும். பல சிறிய விமானங்களில் இது இரண்டு புரொப்பல்லருக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யாது. கொஞ்ச நேரம் இடது, கொஞ்ச நேரம் வலது என்று டைமர் மாற்றி மாற்றிக் கொடுக்கும். பனி முழுவதையும் உருக்குவது நோக்கமில்லை. ஒட்டியிருக்கும் அடிப்படலம் மட்டும் உருகினால் போதும், மீதியைச் சுழற்சி பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் ஒரு சொந்தக் கதை. மூன்று பிளேடு உள்ள ஒரு விமானம் வந்தது. வலப்பக்கம், உடலின் கீழ்ப்பகுதியில், பட்டை முடியும் இடத்துக்கு இரண்டு விரல் பின்னால் நல்ல பள்ளம். "பட்டையை இன்னும் நீளமாக ஒட்டித் தாருங்கள்" என்றார் விமானி. கொஞ்சம் பேச்சுக் கொடுத்ததில், பறக்கும்போது அதிர்வு இருந்ததாகவும், பூட்களுக்குப் போகும் மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டரின் முள் ஒரு முறை சரியாகவும் அடுத்த முறை தாழ்ந்தும் நின்றதாகவும் சொன்னார். பல நாளாகவே அப்படித்தானாம், மீட்டர் பழசு என்று விட்டுவிட்டாராம். ஒரு புரொப்பல்லரின் மூன்று பூட் உறைகளில் ஒன்று போனால் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்கு குறையும். வலது புரொப்பல்லரைப் பிரித்துப் பார்த்தால், சுழலும் புரொப்பல்லருக்கு மின்சாரத்தைக் கடத்தும் வளையமான ஸ்லிப் ரிங்கிலிருந்து ஒரு பூட் உறைக்குப் போகும் வயர் மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருந்தது. மற்ற இரண்டு பிளேடு ஒழுங்காக உதிர்க்க, இது மட்டும் சேர்த்து வைத்திருக்கிறது. அதிர்வுக்கும் அதுவே காரணம், பள்ளத்துக்கும் அதுவே. வயரை மாற்றினோம், பள்ளத்தைச் சரிசெய்தோம். பட்டையை நீட்டவில்லை.

பனிக்குள் பறக்கும்போது பயணியாக உங்கள் காதில் விழும் 'டம் டம்' சத்தத்துக்கு வருகிறேன். யாரோ கல்லெறிவது போலிருக்கும், முதல் முறை கேட்டால் தூக்கிவாரிப் போடும். பனி உதிர்கிறது, பட்டையில் படுகிறது, அவ்வளவுதான். சில சமயம் விமானி சுழற்சி வேகத்தைக் கூட்டி வேண்டுமென்றே உதறுவதும் உண்டு, அப்போது எஞ்சின் சத்தம் மாறி, கூடவே ஒரு சரமாரி விழும். சத்தமே இல்லாமல் அதிர்வு மட்டும் கூடிக்கொண்டே போனால்தான் நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன்.