எஸ்டிஎல்2: லினக்ஸில் சரி, விண்டோஸில் மட்டும் பாட்டு வேகமாக ஓடுவது ஏன்?

கேள்வி: எஸ்டிஎல்2 (கேமில் ஒலி, படம் எல்லாம் கையாளும் லைப்ரரி) வைத்து எழுதிய கேமில் பின்னணி இசை லினக்ஸில் சரியாக வருகிறது. விண்டோஸில் வேகமாக, கீச்சென்று ஒலிக்கிறது. நடுநடுவே டிக் டிக் சத்தம் வேறு. லைப்ரரியில் பக்-ஆ?

பதில்: பெரும்பாலும் இல்லை. இதே கோளாறில் இரண்டு ராத்திரியைத் தொலைத்தவன் நான்.

முதலில் வேகம். ஆடியோ டிவைஸைத் திறக்கும் ஃபங்ஷனின் கடைசி ஆர்க்யுமென்டில், 'எந்த மாற்றம் செய்தாலும் சம்மதம்' என்ற ஃபிளாகைப் போட்டிருக்கிறீர்களா பாருங்கள். நீங்கள் கேட்ட சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை ஒலி மாதிரி) 44100. விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் 48000 இருந்தால், எஸ்டிஎல் அதையே எடுத்துக்கொண்டு, 'கிடைத்தது இதுதான்' என்று இன்னொரு ஸ்ட்ரக்சரில் எழுதியும் வைக்கும். நாம்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பாட்டு சுமார் 9 சதவீதம் வேகமாக ஓடும், சுருதி ஏறத்தாழ ஒன்றரை ஸ்வரஸ்தானம் ஏறும். என் வில்லனின் கனத்த குரல் கல்லூரிப் பையன் குரலானபோதுதான் எனக்கு உறைத்தது. ஃபிளாகுக்கு 0 கொடுங்கள். எஸ்டிஎல் தானே மாற்றித் தரும்.

டிக் டிக் வேறு கதை. பழைய எஸ்டிஎல் 1.2-இல், கால்பேக்குக்கு (ஒலி தேவைப்படும்போதெல்லாம் எஸ்டிஎல் கூப்பிடும் உங்கள் ஃபங்ஷன்) வரும் பஃபர் (ஒலியை நிரப்ப வேண்டிய மெமரி) மௌனமாக நிரப்பித் தரப்படும். 2-இல் அது கிடையாது. பாட்டு முடியும் இடத்தில் பஃபரின் மிச்சத்தை நிரப்பாமல் விட்டால் அங்கே கிடக்கும் குப்பை ஒலிக்கும். கால்பேக்கின் முதல் வரியிலேயே மெம்செட் போட்டு பஃபரை மௌனமாக்கிவிடுங்கள்.

அடுத்தது நேரம். 48000-இல் பஃபர் 512 ஃபிரேம் (ஒலி மாதிரி) என்றால் 11 மில்லிசெகண்டுக்கும் குறைவு. அதற்குள் ஃபைல் படிப்பது, மெமரி கேட்பது, லாக்குக்காகக் காத்திருப்பது எல்லாம் ஆகாது. டிக் எங்கே என்று கண்டுபிடிக்க நான் கால்பேக்குக்குள் பிரின்ட்எஃப் (திரையில் எழுதும் ஃபங்ஷன்) போட்டேன். பாதி டிக் அந்த பிரின்ட்எஃபால்தான் வந்தது!

டிக் டிக்குக்குக் காரணம் குப்பை பஃபரா, தாமதமா என்று பார்க்க ஒரு வழி: எஸ்டிஎல்_ஆடியோடிரைவர் (SDL_AUDIODRIVER) என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் 'டிஸ்க்' (disk) என்று வைத்து கேமை ஓட்டுங்கள். ஒலி ஸ்பீக்கருக்குப் போகாமல் ஒரு ரா ஃபைலில் விழும். அதை ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் 16 பிட், ஸ்டீரியோ, 44100 என்று கொடுத்துத் திறங்கள். அலையில் முள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தால் குப்பை பஃபர். ஃபைல் சுத்தமாக இருந்தால் கால்பேக் தாமதம், அல்லது டிரைவர். வேகக் கோளாறு மட்டும் இதில் தெரியாது, டிஸ்க் டிரைவர் நீங்கள் கேட்ட ரேட்டையே ஏற்றுக்கொள்ளும்.

திறந்த கையோடு கிடைத்த ரேட், சேனல், ஃபார்மேட் மூன்றையும் பிரின்ட் செய்து இங்கே போடுங்கள். கால்பேக்குக்கு வெளியே!