பிஓ கோப்புகளைத் தானாக இறக்குவது எப்படி?

கேள்வி: எங்கள் பைத்தான் மென்பொருள் 14 மொழிகளில் வருகிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன், மொழிபெயர்ப்பு நடக்கும் டிரான்ஸிஃபெக்ஸ் தளத்துக்குப் போய் பிஓ கோப்புகளை (மொழிபெயர்த்த வரிகள் இருக்கும் கோப்புகள்) ஒவ்வொன்றாக இறக்குகிறேன். போன முறை ஒரு மொழியே விட்டுப்போய்விட்டது. இதைத் தானாக நடக்க வைக்கலாமா?

பதில்: தாராளமாக. இறக்குவதற்கு ஒரு கட்டளை போதும். டிரான்ஸிஃபெக்ஸின் கட்டளைவரி நிரலான டிஎக்ஸில் 'புல்' கட்டளையோடு 'ஆல்' தெரிவைக் கொடுத்தால் எல்லா மொழிகளும் வந்துவிடும், புதிதாகச் சேர்ந்த மொழி உட்பட. குறைந்தபட்சச் சதவீதம் 60 என்று வைத்தால், அரைகுறையாக நிற்கும் மொழிகள் வராது. தளத்துக்குள் நுழைய டிஎக்ஸ் கேட்கும் ரகசியச் சாவியான டோக்கனை மட்டும், நிரலோடு சேர்த்து கிட்டில் ஏற்றிவிடாதீர்கள். கிட்ஹப்பின் சீக்ரெட்ஸ் பகுதியில் வைத்து, ஓடும்போது சூழல் மாறியாகக் கொடுங்கள்.

இதை பில்டுக்குள், அதாவது வெளியீட்டை உருவாக்கும் ஓட்டத்துக்குள், செருகிவிடத் தோன்றும். வேண்டாம். வெளியீட்டு நாளன்று தளம் படுத்துவிட்டால் உங்கள் பில்டும் படுத்துவிடும். வேலைகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் தினம் ஒரு முறை தனியாக ஓடட்டும். அங்கே நேரம் இயல்பாக யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கு. இந்திய நேரம் இரவு 2 மணிக்கு ஓட, யூடிசியில் 20:30 மணியைக் குறிக்க வேண்டும். பொதுக் களஞ்சியத்தில் 60 நாள் எந்த அசைவும் இல்லாவிட்டால் கால அட்டவணை தானாக நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, கோப்புகள் வந்துவிட்டன. நேராக மெயின் என்ற முதன்மைக் கிளைக்குள் தள்ளலாமா? கூடாது. நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில் பட்ட பாடு இது. எத்தனை கோப்புகள் அழிக்கப்பட்டன என்று சொல்லும் வரி ஒன்று. எண் வரவேண்டிய இடத்தில், சதவீதக் குறிக்குப் பின் அடைப்புக்குள் 'கவுண்ட்' என்ற மாறியின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழாக்கம் செய்தவர் அதையும் 'எண்ணிக்கை' என்று மாற்றிவிட்டார். மொழியாக்கம் அருமை, ஆனால் அந்தப் பெயரில் மாறியே கிடையாது. தமிழில் பயன்படுத்தியவர்கள் 'அழி' பொத்தானைத் தொட்டதுமே நிரல் விழுந்தது. ஆங்கிலத்திலேயே சோதித்துக்கொண்டிருந்த எங்கள் கண்ணில் அது படவே இல்லை.

ஆகவே இறக்கிய கையோடு, அதே ஓட்டத்தில், பிஓ கோப்புகளைக் கையாளும் கருவித்தொகுப்பான கெட்டெக்ஸ்ட்டின் எம்எஸ்ஜி-எஃப்எம்டி நிரலை 'செக்' தெரிவோடு ஒவ்வொரு கோப்பின் மீதும் ஓட்டுங்கள். பைத்தான் வடிவம் என்று குறியிட்ட வரிகளில் இப்படிப் பெயர் மாறியிருந்தால் பிழை சொல்லி நின்றுவிடும். அதே தொகுப்பின் எக்ஸ்-கெட்டெக்ஸ்ட் கொண்டு மூல நிரலிலிருந்து வரிகளைப் பிரித்தெடுத்திருந்தால் அந்தக் குறி ஏற்கெனவே இருக்கும். தேறிய கோப்புகளை மட்டும் புல் ரிக்வெஸ்ட்டாக (ஒருவர் பார்த்துச் சேர்க்கும் கோரிக்கையாக) அனுப்புங்கள். திருத்தத் தேதி வரி மட்டும் மாறிய கோப்புகளை விட்டுவிடுங்கள். இல்லையென்றால் தினமும் வெற்று ரிக்வெஸ்ட் வந்து, கடைசியில் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

அப்புறம், மொழிபெயர்ப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். மாறி உள்ள வரிக்கு மேலே மூல நிரலிலேயே 'அடைப்புக்குள் இருக்கும் பெயரை மாற்ற வேண்டாம்' என்று ஒரு குறிப்பு எழுதி, குறிப்புகளையும் சேர்த்தெடுக்கும்படி எக்ஸ்-கெட்டெக்ஸ்ட்டிடம் சொல்லிவிடுங்கள். மொழிபெயர்க்கும் திரையிலேயே அது அவர்கள் கண்ணில் படும்.