மிதிபடகு ஓடலாம், என் பாய்ப்படகு ஓடக் கூடாதா?

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில் பெரிய ஏரி ஒன்றுக்கு அருகில் வாடகை வீட்டில் வசிக்கிறேன். இருவர் உட்காரக்கூடிய சிறிய பாய்ப்படகு ஒன்று வைத்திருக்கிறேன், இயந்திரம் கிடையாது. பல ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மகளும் அதை ஏரியில் இறக்கி ஓட்டி வந்தோம். இவ்வாண்டு கரையில் கம்பித் தடுப்பு போட்டு, ‘படகு ஓட்டத் தடை’ என்று பலகை வைத்துவிட்டார்கள். அதே ஏரியில் ஒப்பந்ததாரர் ஒருவர் கட்டணம் வாங்கிக்கொண்டு மிதிபடகு விடுகிறார். மீன் குத்தகைதாரரோ ஏரியே தன்னுடையது என்கிறார். சென்ற வாரம் ஏரி ஊழியர்கள் எங்கள் பாயையும் சுக்கானையும் எடுத்துச் சென்றுவிட்டார்கள். ரசீது தரவில்லை. பொதுச் சொத்தான ஏரியில் எனக்கு உரிமை இல்லையா?

பதில்: ‘உரிமை’ என்ற இடத்திலிருந்து தொடங்கினால் நீங்கள் தோற்பீர்கள். அந்தப் பலகையை வைத்தது யார், எந்த அதிகாரத்தில் வைத்தார்கள் என்ற இடத்திலிருந்து தொடங்கினால் உங்கள் பக்கம் கனக்கிறது.

தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம், 1905-இன் 2-ஆம் பிரிவு ஏரி, குளம், கால்வாய் அனைத்தும் அரசின் சொத்து என்கிறது. அதே பிரிவு, பொதுமக்களின் உரிமைகளுக்கும் சட்டப்படி நிலைத்திருக்கும் வழக்காற்று உரிமைகளுக்கும் உட்பட்டுத்தான் அது அரசின் சொத்து என்றும் சொல்கிறது. நூறாண்டைக் கடந்த இந்தச் சொற்றொடரை அதிகாரிகள் யாரும் உங்களுக்குப் படித்துக் காட்டமாட்டார்கள். ஆனால் உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பயணம் அதற்குள் அடங்குமா என்றால், அடங்காது என்றுதான் நினைக்கிறேன். வழக்காற்று உரிமை தொன்மையானதாக, தொடர்ச்சியானதாக, ஓர் ஊராரோ பிரிவினரோ சேர்ந்து அனுபவித்ததாக இருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பரிசல் விடும் மீனவர்கள் அப்படி வாதிடலாம். ஒரு குடும்பத்தின் பொழுதுபோக்கு வழக்காறு ஆகாது. பிறர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையைப் பற்றிய 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமும் உங்களுக்கு உதவாது. அரசு நிலத்தின்மீது நீண்டகால அனுபவத்தால் உரிமை கோர 30 ஆண்டுகள் தேவை. அதோடு அந்த உரிமையால் பயன்பெறும் சொந்த நிலமும் வேண்டும். நீங்கள் இருப்பது வாடகை வீடு.

கடலிலும், ஓதம் ஏறி இறங்கும் முகத்துவாரங்களிலும் படகோட்டும் உரிமை பொதுமக்களுக்கு இயல்பாகவே உண்டு. பாசனத்துக்காக வெட்டிய ஏரிக்கு அந்த விதி தானாக வராது.

நீர்நிலை போன்றவற்றை அரசு மக்களுக்காகக் காக்கும் அறங்காவலர்தான் என்னும் ‘பொது நம்பிக்கைக் கோட்பாடு’ இருக்கிறதே என்று நண்பர்கள் சொல்லியிருக்கலாம். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கமல்நாத் வழக்கில் அதை நம் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டிய அமெரிக்க வழக்குகளில் ஒன்று, 1892-இல் முடிந்த சிகாகோ ஏரிக்கரை வழக்கு. மிச்சிகன் ஏரியின் அடிநிலத்தை ரயில் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்தது செல்லாது என்றது அது. ஆக, நீர்நிலையைத் தனியாருக்குத் தாரை வார்க்கக் கூடாது என்று தடுப்பதற்கான கோட்பாடு இது. என் படகை விட அனுமதியுங்கள் என்று கேட்க நேரடியாகப் பயன்படாது. ஒப்பந்ததாரருக்கு ஏரியின் கரை முழுவதையும் ஒதுக்கியிருந்தால், அப்போது இதை எடுக்கலாம்.

இனி பலகைக்கு வருவோம். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த ஏரி செம்பரம்பாக்கம், புழல் போலக் குடிநீருக்கு எடுக்கப்படுகிறதா? அல்லது வேடந்தாங்கல் போலப் பறவைகள் சரணாலயமா? இரண்டில் எதுவாக இருந்தாலும் இத்துடன் விட்டுவிடுங்கள். சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி தடைசெய்யப்பட்டது. குடிநீர் ஏரியில் எந்த நீதிபதியும் உங்களுக்காக இரங்கமாட்டார். நானும் வழக்கை ஏற்கமாட்டேன்.

இரண்டும் இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்துடன் நீர்வளத்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு) உள்ள ஏரி என்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கு எழுத வேண்டும். கேட்க வேண்டியவை: தடை ஆணையின் நகல், அது எந்தச் சட்டப்பிரிவின்கீழ் பிறந்தது, மிதிபடகு ஒப்பந்தத்தின் நகல், மீன் குத்தகைப் பத்திரத்தின் நகல். 30 நாட்களில் பதில் வர வேண்டும். ‘அப்படி ஓர் ஆணை கோப்பில் இல்லை’ என்று பதில் வந்தால் வியப்படைய வேண்டாம். ஆணை இல்லாத பலகைகள் நம் மாநிலத்தில் ஏராளம். இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவில் (பழைய சட்டத்தில் 144) போட்ட தடை என்றால், அதன் ஆயுள் இரண்டு மாதம். மாநில அரசு மேலும் ஆறு மாதம்வரை நீட்டிக்கலாம், அவ்வளவுதான்.

படகைப் பதிவு செய்யவில்லை என்று யாராவது சொன்னால், 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தைக் காட்டுங்கள். அது இயந்திரக் கலங்களையும் இயந்திரமற்ற கலங்களையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. இயந்திரப் படகுக்கான பதிவு விதிகளை உங்கள் பாய்மரத்தின்மேல் ஏற்ற முடியாது.

உங்கள் வலுவான வாதம் மிதிபடகுதான். ஏரிக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்று சொல்லிவிட்டு, காசு வாங்குபவருக்கு மட்டும் விலக்களித்தால், அந்த வேறுபாட்டுக்குக் காரணம் சொல்ல வேண்டிய பொறுப்பு அரசமைப்பின் 14-ஆம் பிரிவுப்படி துறையைச் சேரும். ஆனால் அவர்களிடமும் ஒரு பதில் இருக்கும்: உயிர்ப் பாதுகாப்பு. 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் படகு கவிழ்ந்து 22 பேர், 2024 ஜனவரியில் வடோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சிறுவர்களும் ஆசிரியைகளுமாக 14 பேர் இறந்தார்கள். அடுத்த விபத்து தன் எல்லையில் நடந்தால் பணி இடைநீக்கம் தனக்குத்தான் என்று ஒவ்வொரு பொறியாளரும் அஞ்சுகிறார். அந்த அச்சத்தை ஏளனம் செய்யாமல், அதற்கு விடை தரும் விண்ணப்பமாக எழுதுங்கள். தனி மனிதராக வேண்டாம். ஏழு பேர் சேர்ந்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ் ஒரு சங்கமாகப் பதிவு செய்யுங்கள். உயிர்காப்புச் சட்டை, மீட்புப் படகு, காப்பீடு, ஓட்டும் நேரம், மதகையும் கலங்கலையும் (உபரிநீர் வழியும் இடம்) நெருங்கமாட்டோம் என்ற உறுதிமொழி எல்லாம் விண்ணப்பத்தில் இருக்கட்டும். கிடைப்பது வெறும் உரிமம்தான். பொதுவாக, கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். கரையில் கான்கிரீட் மேடை கட்டும் ஆசை மட்டும் வேண்டாம். அது ஆக்கிரமிப்பாகிவிடும்.

எழுத்தில் மறுத்தாலோ, பதிலே தராவிட்டாலோ உயர் நீதிமன்றத்தில் அரசமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் மனு செய்யலாம். பெரும்பாலும் ‘இத்தனை வாரத்தில் பரிசீலித்து முடிவெடுங்கள்’ என்ற உத்தரவுதான் வரும். அதற்காகும் செலவை இப்போதே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மீன் குத்தகைதாரர் பேச்சுக்கு அஞ்சத் தேவையில்லை. சில்கா ஏரி தொடர்பான ஆனந்த பெஹரா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம், இத்தகைய மீன்பிடி உரிமை பிறர் இடத்தில் இறங்கி மீன் பிடித்து எடுத்துச் செல்லும் உரிமை என்று வகைப்படுத்தியது. மீன் அவருடையது, ஏரி அவருடையதன்று. அவர் வலையைக் கிழித்தால் மட்டும் நஷ்டஈடு கொடுக்க வேண்டியிருக்கும்.

பாயும் சுக்கானும்: போலீஸ் கைப்பற்றியிருந்தால் குற்றவியல் நடுவருக்கு அறிக்கை போயிருக்க வேண்டும், சன்ஹிதாவின் 503-ஆம் பிரிவில் திரும்பக் கேட்கலாம். ஏரி ஊழியர்கள் ரசீதில்லாமல் எடுத்திருக்கிறார்கள் என்பதால், எடுத்த நாள், நேரம், பொருள்களின் விவரம் எழுதி, படகு வாங்கிய ரசீதின் நகலை இணைத்து, உதவிப் பொறியாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒரு வாரத்தில் ஒப்படைக்கக் கேளுங்கள். இதை நாளைக்கே செய்யுங்கள். மற்றவை இதற்குப் பிறகு.