முதல் முறை கொடுத்தவர் ஏன் மறுபடி கொடுப்பதில்லை?

கேள்வி: எங்களுடையது சிறிய தொண்டு நிறுவனம். ஒருமுறை நன்கொடை கொடுத்தவர்களில் பெரும்பாலோர் மறுபடி கொடுப்பதில்லை. அவர்களுக்குத் தொடர்ந்து கோரிக்கை அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறோம். வேறு என்ன செய்யலாம்?

பதில்: ஒரு கோரிக்கைக்கும் அடுத்த கோரிக்கைக்கும் நடுவில் அவர்களுக்கு என்ன அனுப்பினீர்கள்? "ரசீது" என்பதுதான் பதில் என்றால் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. நான் நன்கொடையாளர் தொடர்பு வேலையில் இருப்பவன். பார்த்தவரையில், பணம் இல்லாததால் விலகுகிறவர்களைவிட, கொடுத்த பணம் என்ன ஆனதென்று தெரியாமலே விலகுகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் ஒரு ஆறுதல். இது உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. அமெரிக்கக் கணக்குகளில், முதல் முறை கொடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் அடுத்த ஆண்டும் கொடுக்கிறார். அதே மனிதர் இரண்டாம் முறையும் கொடுத்துவிட்டால் தொடர்வதற்கான வாய்ப்பு பல மடங்கு ஏறுகிறது. ஆகவே உங்கள் உழைப்பெல்லாம் அந்த இரண்டாவது நன்கொடையைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். புது ஆட்களைத் தேடுவதற்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியை இங்கே திருப்பினாலே வித்தியாசம் தெரியும். விலகிய நன்கொடையாளர்களிடம் பிரிட்டனில் ஏட்ரியன் சார்ஜன்ட் என்ற ஆய்வாளர் காரணம் கேட்டபோது, அந்த அமைப்புக்குக் கொடுத்த நினைவே இல்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். கோபித்துக்கொண்டு போகவில்லை, மறந்தே போயிருக்கிறார்கள்!

சரி, எல்லோருக்கும் போன் போட்டு நன்றி சொன்னால் போதுமா? நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் அன்யா சமேக், சக் லாங்ஃபீல்ட் என்ற இருவர் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நன்கொடையாளர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். நன்றி அழைப்பு வந்தவர்களும் வராதவர்களும் பிற்பாடு ஒரே அளவில்தான் கொடுத்தார்கள். இதைக் காட்டி "நன்றியே வேண்டாம்" என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்புதல் இல்லை. எழுதிவைத்ததை வாசிக்கும் நன்றி யாருக்கும் எதையும் தெரிவிப்பதில்லை, அவ்வளவுதான். நன்றியோடு ஒரு செய்தியும் சேர்ந்து போக வேண்டும்.

அந்தச் செய்தி எப்படி இருக்க வேண்டும்? "உங்கள் பேராதரவால் பல பயனாளிகள் மேம்பட்டனர்" என்று எழுதினால் படித்த மறுகணமே மறந்துவிடும். மூடிக் கிடந்த நூலகம் இந்த மாதம் திறந்தது, மாலையில் யார் யார் வருகிறார்கள், எந்த அலமாரி இன்னும் காலி என்று எழுதுங்கள். களத்தில் வேலை செய்பவரே நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. அந்தக் கடிதத்தின் அடியில் "மேலும் நன்கொடை அளிக்க" என்ற பட்டனை மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள். அதைப் பார்த்த கணத்தில் மேலே எழுதியதெல்லாம் முன்னுரை ஆகிவிடும்.

2014-இல் தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்ட சவால் நினைவிருக்கும். தசைகளை இயக்கும் நரம்புகளைச் சிதைக்கும் ஏ.எல்.எஸ். என்ற நோய்க்காக நடந்தது அது. அமெரிக்க ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு மட்டும் சுமார் 11.5 கோடி டாலர் குவிந்தது. வேடிக்கைக்காகக் கொடுத்தவர்கள்தானே என்று சங்கம் விட்டுவிடவில்லை. அந்தப் பணம் உதவிய ஆராய்ச்சியில் அந்த நோயோடு தொடர்புடைய என்.இ.கே.1 என்ற மரபணு அடையாளம் காணப்பட்டபோது, 2016-இல் அதை ஊரறியச் சொன்னது. கொடுத்தவருக்கு அது போய்ச் சேர வேண்டிய தகவல்.

சிறு தொகை கொடுப்பவர்களை அலட்சியப்படுத்துவது இன்னொரு பழக்கம். 1885-இல் சுதந்திர தேவி சிலையின் பீடத்துக்குப் பணம் போதாமல் வேலை நின்றபோது, ஜோசப் புலிட்சர் தன் பத்திரிகையில் நிதி திரட்டினார். எவ்வளவு சிறிய தொகையானாலும் கொடுத்தவர் பெயரை அச்சிடுவதாக அறிவித்தார். சில மாதங்களில் 1,20,000-க்கும் மேற்பட்டவர்களிடமிருந்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு. (பத்திரிகை விற்பனையும் கூடவே ஏறியது. புலிட்சர் ஒன்றும் துறவி அல்ல.) எல்லோரும் பெயர் வர வேண்டும் என்று விரும்புவதில்லை என்பதால், வெளியிடுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கெட்ட செய்தியை மறைக்காதீர்கள். திட்டம் தள்ளிப்போனால் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். ஒரு நோக்கத்துக்கென்று வாங்கியதை இன்னொன்றுக்கு மாற்ற நேர்ந்தால் அனுமதி கேளுங்கள். இரண்டையும் செய்தபோது எங்களுக்கு ஆள் குறையவில்லை. "வெளிப்படையாகச் சொன்னீர்களே" என்று கூடுதலாகக் கொடுத்தவர்களும் உண்டு. நிர்வாகச் செலவு பற்றிக் கேட்டால் நெளியவும் வேண்டாம். சம்பளம், வாடகை, கணக்குத் தணிக்கை இல்லாமல் எந்த வேலையும் நடக்காது. நிர்வாகச் செலவின் சதவீதத்தை மட்டும் வைத்து ஒரு அமைப்பை எடைபோடாதீர்கள் என்று 2013-இல் கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர் உள்ளிட்ட மூன்று மதிப்பீட்டு அமைப்புகளே சேர்ந்து பகிரங்கக் கடிதம் எழுதின.

பெரிய தொகை கொடுப்பவர்கள் தனி ரகம். பேசுவதைவிட அதிகம் கேளுங்கள், ஏன் இந்த வேலை அவர்களைத் தொட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள், அதைக் குறித்துவையுங்கள். பொறுப்பாளர் மாறும்போது அந்தக் குறிப்பு இல்லையென்றால் உறவும் அவரோடு போய்விடும். பணத்தோடு வரும் நிபந்தனை உங்கள் வேலையையே திசைமாற்றும் என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். கேட்கும் நேரம் வரும்போது சுற்றி வளைக்காமல், எதற்கு, எவ்வளவு என்று நேராகக் கேளுங்கள். "இனி அனுப்ப வேண்டாம்" என்று யாராவது சொன்னால் அன்றே நிறுத்துங்கள். அளவு மீறிய கோரிக்கைகளால் எழுந்த கொதிப்பில்தான் பிரிட்டனில் 2016-இல் நிதி திரட்டலுக்கென்றே ஒரு ஒழுங்குமுறை அமைப்பு உருவானது.

இந்த வாரமே தொடங்க வேண்டும் என்றால், போன வருடம் கொடுத்து இந்த வருடம் கொடுக்காதவர்களின் பட்டியலை எடுங்கள். அவர்கள் பணத்தில் என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள், எதுவும் கேட்காமல். கடிதம் யாரும் பார்க்காத பொது மின்னஞ்சலிலிருந்து போக வேண்டாம், உங்கள் பெயரிலேயே போகட்டும். பதில் எழுதுகிறவர்கள் சிலர்தான் இருப்பார்கள். அடுத்த கோரிக்கையை முதலில் அவர்களிடம் கொண்டுபோங்கள்.