பழைய .22 ரைஃபிள்களை ஏன் சேகரிக்கிறார்கள்? முதல் ரைஃபிளை எப்படிப் பார்த்து வாங்குவது?

அமெரிக்காவில் புத்தம் புதிய .22 ரைஃபிள் (சின்னத் தோட்டா சுடுவது; எண் குழலின் அகலம், அங்குலத்தில்) இருநூறு, முந்நூறு டாலருக்குக் கிடைக்கும்போது அறுபது, எண்பது வருடப் பழசைத் தேடி ஏன் அலைகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் பென்சில்வேனியாவுக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது. என்னிடம் இப்போது ஏழு பழைய .22 இருக்கின்றன. ஏழும் சுடுகின்றன. சுடாததை வைத்துக்கொள்வதில்லை என்பதால் என்னைச் சேகரிப்பாளர் என்று சொல்லலாமா என்று எனக்கே சந்தேகம்தான்.

முதல் தோட்டாவை நான் சுட்டது கல்லூரி என்.சி.சி.யில். மண்மேட்டுக்கு முன்னால் காகித இலக்கு, இருபத்தைந்து கஜ தூரம், குப்புறப் படுத்து ஐந்து தோட்டா. கையில் கொடுத்தது லீ-என்ஃபீல்டை .22க்கு மாற்றிய ரைஃபிள். என் அப்பாவைவிட மூத்ததாக இருந்திருக்கும். “விசையைப் பிடித்து இழுக்காதே, மெதுவா அமுக்கு” என்றார் ஹவில்தார். மூன்று காகிதத்தில் விழுந்தன. மற்ற இரண்டு எங்கே போயின என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் கட்டையின் எண்ணெய் வாசனையும், கன்னம் வைக்கிற இடத்தில் எத்தனையோ பையன்கள் கன்னம் வைத்து வழவழப்பாகியிருந்ததும் மட்டும் மறக்கவில்லை. ஏன் பழசு என்ற உங்கள் முதல் கேள்விக்கு என்னிடம் இருக்கிற நேர்மையான பதில் அதுதான். மற்ற காரணங்களெல்லாம் பிறகு சேர்ந்துகொண்டவை.

சரி, .22 தோட்டா ரிம்ஃபயர் வகை. வாங்கப் போகுமுன் ரிம்ஃபயர் என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். பெரிய தோட்டாக்களில் அடிப்பக்கத்தின் நடுவில் பிரைமர் என்ற சின்னக் குப்பி தனியாகப் பொருத்தப்பட்டிருக்கும். .22இல் அது கிடையாது. பித்தளை உறையின் அடிவிளிம்பு உள்ளே வெற்றிடமாக மடிந்திருக்கும். அந்த வளையத்துக்குள் பற்றவைக்கும் கலவையைச் சுழற்றிப் பரப்பியிருப்பார்கள். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கியதும் அது பற்றிக்கொள்ளும். நசுங்க வேண்டுமானால் பித்தளை மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லியதாக இருந்தால் பெரிய அழுத்தத்தைத் தாங்காது. .22க்குத் தோளில் உதை இல்லாததற்கும், சுட்ட உறையை வீட்டில் மறுபடி நிரப்பிக்கொள்ள முடியாததற்கும் இதுதான் காரணம். இரண்டாவதைச் சேகரிப்பவர்கள் நன்றாக நினைவில் வைக்க வேண்டும். ஒரு வகைத் தோட்டாவைக் கம்பெனிகள் நிறுத்திவிட்டால் அந்த வகை ரைஃபிள் சுவரில் மாட்டத்தான் ஆகும். .25 ஸ்டீவன்ஸ், .32 ரிம்ஃபயர் ரைஃபிள்கள் சந்தையில் மலிவாகக் கிடைப்பது அதனால்தான். அழகைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள்.

.22இலேயே பல வகை உண்டு. ஸ்மித் அண்ட் வெஸன் 1857இல் தன் குட்டி ரிவால்வருக்காகச் செய்தது இன்றைய .22 ஷார்ட். 1887இல் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டுவந்தது .22 லாங் ரைஃபிள். இன்று கடையில் “ட்வென்டி டூ” என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது இதைத்தான். இந்த வித்தியாசம் தெரியாமல் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

ஒரு பண்ணைவீட்டு ஏலத்தில் வின்செஸ்டர் 1890 ஒன்றை எடுத்தேன். ஜான் பிரௌனிங்கும் அவர் தம்பி மாத்யூவும் வடிவமைத்த பம்ப் ரைஃபிள். எட்டுப் பட்டைக் குழல், வெளியே தெரிகிற ஹேமர் (ஊசியை அடிக்கும் சுத்தி), முன்கையால் கட்டையைப் பின்னே இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறிவிடும். எட்டரை லட்சத்துக்குக் கிட்டத்தட்ட செய்திருக்கிறார்கள். நம் ஊர்த் திருவிழாவில் பலூன் சுடும் கடை இருக்கிறதல்லவா, அதுபோல அமெரிக்கப் பொருட்காட்சிகளில் காசு கொடுத்துச் சுடும் கூடங்கள் இருந்தன. அங்கெல்லாம் இந்த ரைஃபிள்தான் ராஜா. எனக்குக் கிடைத்ததில் குழலின் மேலிருந்த எழுத்து தேய்ந்து மங்கியிருந்தது. விற்றவரிடம் என்ன தோட்டா என்று கேட்டேன். “.22 என்றால் .22தான்” என்றார். நானும் தலையாட்டினேன்.

மறுநாள் துப்பாக்கி சுடும் கிளப்பில் லாங் ரைஃபிள் தோட்டாவைப் போட்டுச் சுட்டேன். சத்தம் மந்தமாக வந்தது. வெளியே விழுந்த உறை வயிறு வீங்கி, பக்கவாட்டில் கீறியிருந்தது. பழைய தோட்டாவாக இருக்கும் என்று நினைத்து, புத்திகெட்டுப்போய் இன்னொன்று சுட்டேன். இந்த முறை சூடான காற்று கன்னத்தில் அறைந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. அடுத்த மேஜையிலிருந்த பெரியவர் உறையைக் கையில் வாங்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்துக் குழலின் மேல் தேய்த்து, விரலால் துடைத்தார். பள்ளங்களில் மட்டும் வெள்ளை தங்கியது: 22 டபிள்யூ.ஆர்.எஃப்.

வின்செஸ்டர் ரிம்ஃபயர் என்ற அந்தத் தோட்டாவை 1890 மாடலோடு சேர்த்தே அறிமுகம் செய்தார்கள். அதன் உறை லாங் ரைஃபிள் உறையைவிட அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தடித்தது. அதனால் சின்னது பெரியதின் அறைக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்துக்குள், தாராளமாக நுழைந்துவிடும். நுழைந்தால் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. 1890 மாடலில் ஒவ்வொரு ரைஃபிளும் ஒரே ஒரு தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது. லாங் ரைஃபிளுக்கான 1890 வந்ததே 1919இல்தான். ஷார்ட், லாங், லாங் ரைஃபிள் மூன்றையும் ஏற்பது வேண்டுமென்றால் அதன் தம்பியான 1906 மாடலையோ, 1932இல் வந்த 62ஐயோ தேட வேண்டும். இதையெல்லாம் நான் வாங்கியபின் படித்தேன்.

அன்றிலிருந்து பழைய ரைஃபிளைத் தொட்டதும் முதலில் குழலில் உள்ள எழுத்தைத்தான் படிக்கிறேன். என் பையிலும் இப்போது சாக்பீஸ் இருக்கிறது.

அடுத்தது குழலின் உட்புறம். வெளியே துரு, கட்டையில் கீறல் எல்லாம் பரவாயில்லை, உள்ளே பார்த்தே தீர வேண்டும். 1920களின் பிற்பாதிவரை பிரைமர் கலவை எரிந்தபின் ஒருவகை உப்பை மிச்சம் வைக்கும். சமையலறை உப்பைப் போலவே அதுவும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். சுட்ட அன்றே கழுவாவிட்டால் துருதான். ரெமிங்டன் கம்பெனி ‘கிளீன்போர்’ என்ற பெயரில் துருப்பிடிக்கவைக்காத தோட்டாவைக் கொண்டுவந்த பிறகுதான் நிலைமை மாறியது. ஆகவே முதலாம் உலகப் போர்க் காலத்து ரைஃபிளின் குழல் கண்ணாடி மாதிரி மின்னினால், ஒன்று அதன் சொந்தக்காரர் மகா ஒழுக்கசாலி, இல்லையென்றால் குழலை மாற்றியிருக்கிறார்கள். கொஞ்சம் கருத்த குழலுக்குப் பயப்பட வேண்டாம். குழலுக்குள் சுருளாக ஓடும் புரிகள் கூர்மையாக இருந்தால் நன்றாகவே சுடும். மோசமானது வேறு. பம்ப், லீவர் ரைஃபிள்கள் பலவற்றைப் பின்பக்கமிருந்து சுத்தம் செய்ய முடியாது. முன்வாயிலிருந்து இரும்புக் கம்பியை விட்டு விட்டு எடுத்ததில் வாய் ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கும். தோட்டா கடைசியாகத் தொட்டுவிட்டுப் போவது அந்த இடத்தைத்தான். அது கோணினால் குறியும் கோணும்.

அப்புறம் அறையின் விளிம்பு. காலியான ரிம்ஃபயரில் விசையைத் தட்டினால் ஊசி நசுக்குவதற்குப் பித்தளை இல்லாமல் நேராக இரும்பு விளிம்பில் மோதலாம். வீட்டுப் பிள்ளைகள் ஐம்பது வருடம் ‘டிக் டிக்’ என்று தட்டி விளையாடிய ரைஃபிளில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். தோட்டா சரியாக ஏறாது, இறங்காது. அதைச் சரிசெய்யத் தனிக் கருவி இருக்கிறது, முடிந்த காரியம்தான். விலையைப் பேசும்போது நினைவிருக்கட்டும். திருகாணித் தலைகளையும் பாருங்கள். சிதைந்திருந்தால் யாரோ தப்பான ஸ்க்ரூடிரைவரோடு உள்ளே புகுந்திருக்கிறார்கள். தொலைநோக்கி மாட்டத் துளை போட்டிருந்தால் சேகரிப்பு மதிப்பு பாதியாகக்கூடப் போகலாம். எனக்குத் துளை பிடிக்கும், ஏனென்றால் துளை போட்டதை மலிவாகத் தருவார்கள். சொந்தக் கையால் உப்புத்தாள் போட்டுக் கட்டையைப் பளபளக்க வைக்கும் ஆசை மட்டும் வேண்டாம். அது பழம்பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற மாதிரி இல்லை. போன தோல் போனதுதான்.

முதல் ரைஃபிளாக நான் சொல்வது வின்செஸ்டர் 67. 1934 முதல் 1963 வரை வந்த ஒற்றைத் தோட்டா ரைஃபிள், விவசாய வீடுகளில் பையன்களுக்கு வாங்கிக் கொடுத்தது. இதில் ஒரு விசேஷம் உண்டு. போல்ட்டை (அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் தண்டு) மூடினால் மட்டும் சுடத் தயாராகாது. பின்னாலுள்ள குமிழைத் தனியாகப் பிடித்து இழுக்க வேண்டும். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை என்பேன். குழல் இருபத்தேழு அங்குலம். இவ்வளவு நீளக் குழலில் மருந்து முழுக்க உள்ளேயே எரிந்துவிடும். ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி என்று எழுதிய தோட்டா ஒலியின் வேகத்துக்குக் கீழே போவதால் ‘சடீர்’ சத்தமும் வராது. கதவைச் சாத்துவது போல ஒரு ‘டப்’. என்னுடையது இருபத்தைந்து கஜத்தில், சாதாரண இரும்புக் குறியோடு, ஐந்தை ஒரு ரூபாய் நாணயத்துக்குள் போடும், நான் காபி குடிக்காமல் வந்திருந்தால். அதில் வரிசை எண்ணே கிடையாது. பயந்துவிட்டேன். அமெரிக்காவில் எல்லாத் துப்பாக்கிக்கும் வரிசை எண் கட்டாயமானது 1968ஆம் வருடச் சட்டத்தில்தான். அதற்கு முன் மலிவு.22களில் பலவற்றுக்கு எண் போடவில்லை. கடைக்காரர் படிவத்தில் ‘எண் இல்லை’ என்றே எழுதினார். இருந்த எண்ணைச் சுரண்டியிருந்தால் கதை வேறு, தொடவே தொடாதீர்கள்.

பெயரைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். சியர்ஸ், மான்ட்காமரி வார்ட் போன்ற பெரிய கடைகள் தங்கள் பெயரில் ரைஃபிள் விற்ற காலம் ஒன்று இருந்தது. ஜே.சி. ஹிக்கின்ஸ், வெஸ்டர்ன் ஃபீல்டு என்றெல்லாம் எழுதியிருக்கும். செய்தவர்கள் மார்லின், மாஸ்பெர்க், சாவேஜ் போன்றவர்கள். அதே இரும்பு, அதே கட்டை, பெயர் வேறு என்பதால் விலை குறைவு. ரெமிங்டனாக இருந்தால் குழலில் உள்ள எழுத்தை வைத்துச் செய்த மாதத்தையே கண்டுபிடிக்கலாம். பன்னிரண்டு மாதத்துக்கு ‘பிளாக்பவுடர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை வரிசையாக வைத்து, பதினோரு எழுத்துதான் வந்ததால் டிசம்பருக்கு ஒரு ‘எக்ஸ்’ சேர்த்திருக்கிறார்கள். என் ரெமிங்டன் நான் பிறந்த மாதத்தது. வருடத்தைச் சொல்ல மாட்டேன்.

அது நைலான் 66. 1959இல் வந்தது; மரமே இல்லாமல் டூபான்ட் கம்பெனியின் நைலானில் உடல். பொம்மை மாதிரி இருக்கிறது என்று பலர் சிரிப்பார்கள். அந்த வருடமே டாம் ஃப்ரை என்ற ரெமிங்டன் ஊழியர் மேலே எறிந்த மரக்கட்டைகளை இதை வைத்து 1,00,010 தடவை சுட்டு, ஆறே ஆறை விட்டார். 1907இல் ஆட் டாப்பர்வைன் என்பவர் வின்செஸ்டர் 1903ஆல் 72,500க்கு ஒன்பது விட்ட சாதனையை அது முறியடித்தது. அந்த 1903க்கும் தனித் தோட்டாதான், கடையில் எளிதில் கிடைக்காது. அதனால் டாப்பர்வைன் மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் நான் நைலானோடு நிற்கிறேன். இன்னொன்று: அதைப் பிரித்துச் சுத்தம் செய்ய ஆசைப்படாதீர்கள். நான் பிரித்த அன்று இரவு பதினொன்றரைக்கு மனைவி டார்ச் பிடிக்க, ஸ்பிரிங் ஒன்றைச் சோஃபாவுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தேன்.

சட்டம் பற்றி நம்மவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளிட்ட சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் அந்தத் தடை இல்லை. கடையில் துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் 4473 படிவம், பின்னணிச் சோதனை எல்லாம் எல்லோருக்கும் பொது. உங்கள் மாநிலச் சட்டத்தையும் பாருங்கள், சிலவற்றில் கெடுபிடி அதிகம். நண்பர் சொன்னார் என்று இந்த விஷயத்தில் இறங்க வேண்டாம், நான் சொன்னேன் என்றும் வேண்டாம். வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் கேட்பது மலிவு. ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட, மாற்றம் செய்யாத துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்கென்று தனி உரிமமும் உண்டு, மூன்று வருடத்துக்கு முப்பது டாலர். ஏழுக்கு மேல் போகிற எண்ணம் வந்தால் நானும் எடுப்பேன்.

சுடும்போது கண்ணாடி, காதடைப்பு இரண்டும் கட்டாயம். தோட்டாப் பெட்டியிலேயே ஒன்றரை மைல்வரை ஆபத்து என்று எழுதியிருக்கும். ‘சின்னத் தோட்டாதானே’ என்று மண்மேடு இல்லாத இடத்தில் சுடாதீர்கள். கருமருந்துக் காலத்து (இன்றைய புகையில்லா மருந்துக்கு முந்தைய) ரைஃபிளென்றால் வேகத் தோட்டாக்களை விட்டுவிட்டு ஸ்டாண்டர்டையே போடுங்கள். குழாய் மேகசின் (தோட்டாக்களை வரிசையாக நிரப்பும் குழாய்) உள்ளவற்றில் குழாயை உருவிவிட்டால் காலி என்று நினைத்துவிடக் கூடாது, உள்ளே ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அறையில் விரலை விட்டுப் பார்ப்பது என் பழக்கம். முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஈயம்.

அந்த 1890ஐ விற்கவில்லை. டபிள்யூ.ஆர்.எஃப். தோட்டாவை எப்போதாவது ஒரு தடவை செய்து விடுகிறார்கள், 1959இல் வந்த.22 மேக்னம் இதை நீட்டிச் செய்ததுதான் என்பதால் மேக்னம் ரைஃபிள் வைத்திருப்பவர்களும் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். போன தடவை நான்கு பெட்டி கிடைத்தது. வருடத்துக்கு ஒருநாள், அக்டோபரில் இலை நிறம் மாறும்போது, அந்தப் பெரியவரும் நானும் ஆளுக்குப் பத்துச் சுடுவோம். இப்போது நூற்று நாற்பது மிச்சம் இருக்கிறது.